முன் சீட்டு

முன் கதவு திறந்தபடி இருக்கிறது, ஜெயில் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் தம்பியின் வெள்ளைக் கார், ஓட்டுகிறவன் கதவைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அழைக்க வந்தவன் போலச் சிரிக்கிறான், பின் சீட்டில் நான் இதுவரை பார்க்காத ஒருத்தன், மடியில் துண்டு, துண்டுக்கு அடியில் கை, துலுக்காணம் ஐஸ் பெட்டி மேல் குந்திக்கொண்டு பீடி பற்றவைக்கிறான், இல்லை, அது காசிமேட்டில், அந்தக் காலத்துச் சிநேகிதன், இப்போது கேட்டைத் தாண்டி வருகிறவன் கிழவன், பல் இல்லை, சிரிப்பு மட்டும் அதேதான். தம்பி தயாளன் மீன் ஏலத் தகராறில் ஒருத்தனை வெட்டிவிட்டு வந்து நின்றபோது சட்டையெல்லாம் ரத்தம், கல்யாணமாகி ஒரு மாசம்தான், எங்களில் ஒருத்தன் வெட்டினால் வேறொருத்தன் தூரத்துக் கோர்ட்டில் போய்ச் சரணடைவது வழக்கம், யார் போவது என்று நான் வாயைத் திறப்பதற்குள் துலுக்காணம் அந்தச் சட்டையை உருவித் தான் போட்டுக்கொண்டான், எனுக்கு இன்னா குடும்பமா குட்டியா, நீ எனுக்கும் தம்பிதான்டா, என்றான், தம்பி ஒல்லி, அவன் சட்டை துலுக்காணத்துக்குப் பொத்தான் பூட்டவில்லை, கனவில் துலுக்காணம் அந்தச் சட்டையோடு கடலுக்குள் நடந்து போகிறான், கரையிலிருந்து கூப்பிடுகிறேன், திரும்புகிற முகம் தம்பியுடையது.

தம்பி இப்போது கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறான், சுவருக்குச் சுவர் கும்பிடுகிறான், துலுக்காணம் குடித்தால் வாய் நிற்காது, அது எல்லோருக்கும் தெரியும், காலையில் தம்பி போன் பண்ணினான், அவன முன்னாடி குந்தவை ண்ணா, மரியாதயா இட்டாரட்டும். ஆளை மரியாதையாக முன்னால் உட்காரவைத்து, வண்டி ஏரிப் பக்கம் திரும்பியதும் பின் சீட்டில் இருக்கிறவன் அந்த ஆளின் கழுத்தில் கயிறு போடுவது எங்கள் ஆட்களின் வேலை, துலுக்காணம் உள்ளே போனபிறகு வந்த பழக்கம், அவனுக்குத் தெரியாது, பாரேன், ஒந்தம்பி எனுக்கு முன் சீட்டு குட்த்துக்கிறான், என்று வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வருகிறான், சொன்னால் நம்பமாட்டான், நம்பினால் இங்கேயே கத்துவான், ஓட அவனுக்குக் காலும் இல்லை, போக இடமும் இல்லை.

முட்டி வலிக்குதுடா, நா முன்னால காலு நீட்டிக்கிறேன், நீ பின்னால போ, என்றேன். ஆமா, நா உள்ள மெத்தையில குந்திகினு இருந்தேன் பாரு, என்று முனகிக்கொண்டே பின்னால் ஏறினான். பெரியவரே, அண்ணன் அவரத்தான் முன்னாடி, என்று ஓட்டுகிறவன் இழுத்தான், ஒங்கண்ணனுக்கு அண்ணன் நானு, போன போட்டுக் கேளு, என்று ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கேட்டான், பெரியண்ணன் குந்திகினாரு ண்ணா, என்றான், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், என் கூடப்பிறந்தவன் என்னை நிறுத்துப் பார்க்கிறான் என்று புரிந்தது, பிறகு, சரி ண்ணா, வூட்டுக்கே இட்டாறேன், என்றான். தம்பி மேல் நம்பிக்கை வைத்து நான் ஏறவில்லை, யாரை நம்பி நான் பிழைத்தேன், பின்னாலிருந்து ஒரு மூச்சு என் பிடரியில் படுகிறது, துலுக்காணம் அதற்குள் தூங்கிவிட்டான், கண்ணாடியில் பார்க்கிறேன், அவன் தலை அந்த ஆளின் தோளில் சாய்கிறது, அந்த ஆள் நகரவும் தெரியாமல் துண்டை மடித்துச் சுருட்டுகிறான், ஏரிப் பக்கம் திரும்பாமல் வண்டி நேரே போகிறது, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கும் கார் வரும், இதே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருத்தன் சிரிப்பான், துலுக்காணம் இருக்கிறவரை நான் முதலில் போய் ஏற வேண்டும், உடம்பு தாங்கவில்லை, அவனாகவே எனக்கு முந்திச் செத்துப்போனால் தேவலை.