சொல்லக் கூடாத ஊர்

எங்கள் ஊரின் பெயர் மம்பட்டிச்சாமிபுரம். இதை இப்படி முழுசாகச் சொல்வதற்கே ஊரில் எனக்குக் கெட்ட பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயரின் அர்த்தத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு பஞ்ச காலத்தில் தோளில் மம்பட்டியோடு ஒரு சாமியார் இந்தக் காட்டுக்கு வந்தாராம். சோறு கேட்கவில்லை, குறி சொல்லவில்லை. தன்பாட்டுக்கு ஊருணி வெட்ட ஆரம்பித்தார். தண்ணீர் கண்ட அன்று கரையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே சமாதி கட்டி, அவர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். வைத்த கையோடு, அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்றும் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தனை பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்பது அவர்கள் நியாயம். 'அவுக' என்றால் சாமியார். 'அவுக ஊரு' என்றால் எங்கள் ஊர். இந்த ஊர்க்காரர் அருப்புக்கோட்டைக் கடையில் மம்பட்டி வாங்கப் போனால்கூட, "மண்ணு வெட்டுறது ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்.

நான் மல்லாங்கிணற்றில் பிறந்தவள். வாழ வந்த புதிதில் எனக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்களே பெயர் சொல்லாதபோது வெளியாள் என்ன செய்வான்? பரளச்சி பஸ்ஸில் கண்டக்டர்கள், ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்துக்குச் 'சாமியார் விலக்கு' என்று ஒரு பெயரை அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வேடிக்கை போன கார்த்திகையில் முடிந்தது. மக்காச்சோளக் காட்டில் என் கொழுந்தன் பாண்டிராஜை விரியன் கடித்துவிட்டது. பைக்கில் உட்கார வைத்தால் துவண்டு துவண்டு விழுந்தார். என் வீட்டுக்காரர் நல்லகண்ணு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். எந்த ஊர் என்று கேட்டார்கள். 'சாமியார் ஊரு' என்றார். சாமியார்புரமா என்று திருப்பிக் கேட்டார்கள். பதற்றத்தில் ஆமாம் என்றுவிட்டார். பந்தல்குடிப் பக்கம் ஒரு சாமியார்புரம் இருக்கிறது. வண்டி அங்கே போய்த் தெருத்தெருவாக ஆளைத் தேடியது. வழி தெரிந்து எங்கள் விலக்கில் திரும்பியபோது பாண்டிராஜுக்கு மூச்சு நின்றிருந்தது.

விதி என்றது ஊர். கருமாதி முடிந்த பிறகும் ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஊருணியையே மூடிவிடலாம் போல இருந்தது.

இந்த வருஷம் வைகாசியில் என் மகள் தங்கலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். முழங்கை வரை வளையலும் மூச்சு வாங்கிய முகமுமாக அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். அவள் பிள்ளை வருவதற்குள் இந்த ஊருக்குப் பெயர் வந்தாக வேண்டும்.

பஞ்சாயத்தில் கேட்டேன். காகிதத்தில் பெயர் இருக்கிறது, போர்டு வைக்க ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஊர் எந்தக் காலத்தில் ஒத்துக்கொள்வது? நானே ஒரு தகரமும் பெயிண்டும் வாங்கி வந்து, பெரிய எழுத்தில் எழுதி விலக்கில் கட்டினேன். மறுநாள் அதில் சாணியைப் பூசியிருந்தார்கள். கழுவினேன். அடுத்த முறை தார் பூசினார்கள். புதுத் தகரம் வாங்கினேன். சமாதிப் பூசாரி மொக்கையன் எனக்குச் சின்ன மாமனார் முறை. இனிமேல் எனக்குத் திருநீறு கிடையாது என்று சொல்லி அனுப்பினார். என் வீட்டு அடுப்பில் சாம்பல் நிறைய இருக்கிறது என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

நான் அருப்புக்கோட்டையில் நூல் மில்லுக்குப் போகிறவள். தினமும் பஸ்ஸில் பெயரை முழுசாகச் சொல்லித்தான் டிக்கெட் கேட்டேன். அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டக்டர் முழித்தார். தினமும் நீங்கள் நிறுத்துகிற இடம்தான் என்றேன். எங்கள் தெருப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். போகப் போக அந்தக் கண்டக்டர் மட்டும் சரியாகச் சொல்லப் பழகினார்.

வீட்டில்தான் நடக்கவில்லை. நான் பெயரைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சண்டை போடமாட்டார். சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுவார். மகளுக்கு நாள் நெருங்கியபோது நேராகவே கேட்டேன்.

"ஆத்திர அவசரம்னா நீங்கதான் போன் போடணும். பெத்த மகளுக்காகக்கூட அந்தப் பேரச் சொல்ல மாட்டீகளா?"

"சாமி குத்தம் ஆயிரும்" என்றார். சாமிக்குப் பயந்தவர் முகமாக அது இல்லை. வேறு எதற்கோ பயந்த முகம். எதற்கு என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. அப்போது நான் மில்லில் இருந்தேன். மில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்டு முடிந்து போனைக் கையில் வாங்கினால் வீட்டிலிருந்து அத்தனை அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டபோது மகள்தான் எடுத்தாள். பெரியாஸ்பத்திரியில் இருப்பதாகவும் பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும் சொன்னாள். ஒருவழியாகப் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கிய பிறகுதான் நிதானத்துக்கு வந்தேன்.

நடந்ததை மகளே சொன்னாள். ஊரில் இருந்த ஒரே ஆட்டோ சவாரிக்குப் போயிருக்கிறது. பனிக்குடம் உடைந்துவிட்டது. இவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கிறார். ஊர் எது என்று கேட்டதும் 'அவுக ஊரு' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாராம். மகள் வலியில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். பிறகு மெதுவாகப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம்தான் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, மம்பட்டிச்சாமிபுரம், மம்பட்டிச்சாமிபுரம் என்று கத்தியிருக்கிறார். மொக்கையன் மாமா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே போய்விட்டாராம். வண்டி எங்கும் சுற்றாமல் நேராக வந்துவிட்டது.

வெளியே வந்து அவரைத் தேடினேன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் போனேன். நாலு வார்த்தை குத்திக் காட்டவும் மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை யார் ஜாடை என்றுகூட அவர் கேட்கவில்லை.

"சொன்னேன். வந்துட்டாக" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கும் சொல்லியிருந்தா, எந்தம்பி இருந்திருப்பானா அமுதா?"

இத்தனை மாதமும் அவர் எதற்காக எழுந்து எழுந்து போனார் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது என்று இருக்கும்வரைக்கும் தம்பி செத்தது விதி. சொல்லலாம் என்று ஆகிவிட்டால் அது இவர் கையில் வந்து விழுகிறது. நான் தகரம் வாங்கி வாங்கிக் கட்டியது இந்த மனுஷனின் நெஞ்சில்தான். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. விதி என்று சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருப்பார். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருந்திருப்பாக" என்றேன்.

தம்பிக்குக் கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட அழாதவர், சைக்கிள் எடுக்க வந்தவர்களெல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.