பின் வரிசைக்கும் கேட்டது

ஆராதனை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மைக்செட்காரன் பிரசங்க மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து, எலி கடித்த ஒயரின் நுனியைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தான். அவன் முகத்துக்கு நேரே பாஸ்டரின் பாலிஷ் போட்ட ஷூ வந்து நின்றது.

"தம்பி, இன்னைக்குச் சத்தம் நல்லாக் கேக்கணும். பின்னாடி வரைக்கும்."

"கேக்கும் ஐயா. என்ன விசேஷம்?"

"அறிவிப்பு ஒண்ணு இருக்கு." ஷூ கொஞ்சம் நகர்ந்தது. "உன் அக்கா விஷயம்தான்."

வாயில் இருந்த ரப்பர் துணுக்கைத் துப்ப மறந்துபோனான்.

விஷயம் சபைக்கே தெரிந்ததுதான். அக்கா அடிக்கிற புருஷனை விட்டு வந்து, கோர்ட்டில் விவாகரத்து வாங்கி, போன மாதம் ஒரு லாரி டிரைவரைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் புருஷன் உயிரோடிருக்க மறுமணம் செய்தவர்களுக்கு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது என்பது சபை விதி. பெயரைச் சபை நடுவே வாசித்து விலக்கவேண்டும் என்பது அதே விதியின் பின்பாதி.

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். "திருவிருந்து குடுக்காம வேணா விடுங்க ஐயா. பேரை எதுக்கு வாசிக்கணும்? அவ பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்துட்டுப் போறா."

"நானா ஆசைப்பட்டு வாசிக்கிறேன்? மேலிடத்து உத்தரவுப்பா. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

"அந்தாளு இவ கையை உடைச்சானே, அவன் பேரு?"

பாஸ்டர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"கையை உடைச்சா திருவிருந்து இல்லேன்னு விதியில எங்கயும் இல்லையேப்பா," என்றார். "எக்கோ வராமப் பாத்துக்கோ."

அக்கா வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். சலவைக் கடையில் வாரம் முழுக்க ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். ஞாயிறு காலையில் மட்டும் தன் துணிக்குப் போடுவாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் அன்றைய பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீட்டுக்குப் போயிடு. உன் பேரை வாசிக்கப் போறாங்க."

"தெரியும். நேத்தே ஆள் விட்டுச் சொன்னாரு."

"தெரிஞ்சுமா வந்த? ரோட்டுக்கு அந்தப் பக்கமே இன்னொரு சபை இருக்கு. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"அங்க கைதட்டிப் பாடுறாங்கடா. எனக்குத் தாளம் வராது."

"விளையாடாதக்கா."

அவள் புத்தகத்தை மூடினாள். "நான் ஞானஸ்நானம் வாங்கினது இங்க. அம்மாவை எடுத்துட்டுப் போனது இந்த வாசல் வழியா. விதி தப்புன்னு நேத்து வந்த ஆள்கிட்டயே சொல்லி அனுப்பிட்டேன். தப்பான விதி வேணா வெளிய போகட்டும். நான் எதுக்குப் போகணும்?"

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவன் கடைசி பெஞ்சுக்குப் பின்னாலிருந்த தன் மேசைக்குப் போனான். மைக்கை மட்டும் நிறுத்தினால் பழி நேரே அவன் தலையில் விழும். கரண்ட்டே போனால் யாரை என்ன சொல்ல முடியும்? மெயின் சுவிட்ச் அவன் முழங்கைக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வரிசையில் அக்காவின் பழைய புருஷன் கண்ணை மூடி, மற்றவர்களைவிட அரை வரி முன்னால் பாடிக்கொண்டிருந்தான்.

பாஸ்டர் அறிவிப்புகளுக்கு வந்தார். வண்டிகளைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தக் கூடாது. வாலிபர் கூட்டம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

"கடைசியாக, ஒரு வருத்தமான அறிவிப்பு."

அவன் முழங்கையால் சுவிட்சைக் கீழே தள்ளினான்.

விளக்குகள் அணைந்தன. மைக் செத்தது. கூரையிலிருந்து தொங்கிய மின்விசிறிகள் முனகிக்கொண்டே சுற்றி, ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அதைத்தான் அவன் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் அவன் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்ததே அந்த விசிறிகளின் இரைச்சலோடு மல்லுக்கட்டத்தான். மண்டபமோ மைக் என்ற ஒன்று வருவதற்கு முன்பே கட்டியது. மேடையில் ஒருவர் செருமினால் வாசலில் கேட்கும். விசிறி நின்றதும் பிரசங்கத்துக்கு முன்கூட்டியே தூங்கத் தொடங்கியிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

பாஸ்டர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மைக்கை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் குரலில் அக்காவின் பெயரை வாசித்தார். ஆள் மாறிவிடக் கூடாதென்று அப்பா பெயரையும் சேர்த்து வாசித்தார். அக்காவுக்காக வெளியே லாரியில் சாய்ந்து நின்ற புது மாமா சட்டென்று நிமிர்ந்து உள்ளே பார்ப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது.

தலைகள் திரும்பின. யாரும் விசிறிக்கொள்ளக்கூட இல்லை.

"சுவிட்சைப் போடுடா," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "கைக்குழந்தைங்க வேர்த்துப்போய்க் கெடக்குது."

போட்டான். விசிறிகள் மறுபடி இரைந்தன. அந்த இரைச்சலிலேயே திருவிருந்துப் பாட்டும் தொடங்கியது.

வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். பழைய புருஷன் படியில் முழங்காலிட்டுக் கையேந்தினான். பாஸ்டர் அப்பத்தை வைத்தார். கடைசி பெஞ்சின் முறை வந்தது. அக்கா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

"கொஞ்சம் வழி விடும்மா."

"போங்க, போங்க."

எல்லோரும் போனபின் பின்னால் திரும்பினாள். "நீ போகல?"

"எனக்கு அந்த மனுசன் கையால ஒண்ணும் வேணாம்."

"அவரு வீட்டுச் சாப்பாடாடா அது? எழுந்திரு."

"உனக்கு இல்லேன்னு சொன்னத நான் மட்டும்…"

"நீயும் பட்டினி கெடந்தா அவங்களுக்கு வேலை மிச்சம். போடா."

அவன் எழுந்தான். மேசைக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்து, பெஞ்சைச் சுற்றி அவளைக் கடந்து போனான். திரும்பி வந்தபோது அப்பம் கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவனுக்கு முன்னால் பெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் திருப்புவானேன் என்று அக்கா முழங்கால்களை நடைபாதைப் பக்கமே ஒருக்களித்து வைத்திருந்தாள். கடைசி ஆள் உட்காரும்வரை பாட்டின் எல்லா வரிகளையும் அப்படியே பாடிக்கொண்டிருந்தாள்.