வரைபடத்தில் மட்டும் ஓடும் வடிகால்

"மார்ச் 4. இரண்டு படங்களின் அளவீட்டு முறையும் ஒன்றா என்று சரிபார்க்காமல் வடிகால் படத்தைத் தெருப்படத்தின்மேல் ஏற்றிவிட்டேன். எல்லாம் நாற்பது மீட்டர் தள்ளி நின்றது. தப்பு என்னுடையதுதான்."

கணினி வரைபடம் கற்கும் மாலை வகுப்பில் இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் படத்தைத் திருத்தியபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. போன மழையில் சித்தி வீட்டு அடுப்படிவரை தண்ணீர் ஏறிய தெருவில், படத்தில் நீலக்கோடாக ஒரு வடிகால்! நேரில் அங்கே ஒரு சாண்கூடக் கிடையாது. தன்மேல் சந்தேகப்பட்டு மூன்று முறை சரிபார்த்தாள். வடிகால் படத்தோடு இருந்த அட்டவணையில் 'கட்டி முடித்த ஆண்டு' காலியாக இருந்தது.

மறுநாள், தான் வேலைபார்க்கும் நகராட்சி அலுவலகத்தில் பொறியாளரிடம் காட்டினாள்.

"சார், இது வெறும் திட்டம். கட்டவே இல்ல."

"மேப்ல இருக்கேம்மா! அதான் அந்தத் தெருவுக்குப் புது வடிகால் வேண்டாம்னு விட்டாச்சு. நாளைக்கு மதியம் புது வடிகால் பட்டியல் மேலிடத்துக்குப் போயிடும்."

"அப்ப எங்க சித்தி வீட்டுக்குள்ள வந்த தண்ணி, மேப்பைப் பாக்காம வந்துடுச்சா சார்?"

"ரெண்டு மாசம் கிளாஸ் போனதுக்கே வாய் இவ்வளவு நீளுதா?" என்று அவர் சிரித்தார்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. நாற்பது மீட்டருக்குத் தான் கூனிக்குறுக, ஒரு முழு வடிகாலையே கற்பனையில் கட்டியவர் கூசாமல் தேநீர் குடிக்கிறார்!

அன்று மாலை எழுதினாள்: "மார்ச் 5. நாளை காலை ஆறு மணிக்குச் சித்தியுடன் தெரு முழுக்க நடந்து, வடிகால் இல்லாத ஒவ்வொரு வாசலையும் இடக்குறிப்போடு படமெடுக்க வேண்டும். பத்து மணிக்குள் பொறியாளர் மேஜையில் வைக்க வேண்டும்."