பால் ஊற்றிய குழி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். வாயில்லாதவள் டவுன் போர்டில் பத்து வருஷம் மண் சுமந்திருக்க முடியுமா? அந்த வாயும் ஒருநாள் அடைத்துப் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மெர்டேக்காவுக்கு ஆறு வாரம் இருந்தது. மலாக்கா காஜா பெராங்கில் தென்னந்தோப்பு ஓரமாகத் தண்ணீர் ஓடப் புது லோங்காங் வெட்டிக்கொண்டிருந்தோம். சுதந்திரம் வருவதற்குள் சாக்கடை ஓடியாக வேண்டுமாம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் மருதமுத்து காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். இடுப்பளவு ஆழத்தில் மண் மாறியது, ஒரே சிப்பி. என் மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து கையால் தள்ளிப் பார்த்தால் விலா எலும்பு.

மனுஷ எலும்புக்கூடு ஒருக்களித்துக் கிடந்தது. அதன் கை வளைவுக்குள் சின்னச் சின்ன எலும்புகள். அந்தச் சின்ன உடம்பின் தலை இன்னும் மண்ணுக்குள். "பச்சப் புள்ளடி பொன்னம்மா" என்றாள் என்னோடு மண் சுமந்த அஞ்சலை. தாயும் பிள்ளையும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மருதமுத்து ஆபீசுக்குச் சொல்லியனுப்பினார். மியூசியத்திலிருந்து ஆள் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று பதில் வந்தது.

தொடக்கூடாது என்றார்கள். பால் ஊற்றக்கூடாது என்று சொல்லவில்லையே!

எங்களில் சின்னப் பிள்ளை போனால் எரிப்பதில்லை, புதைப்போம். மறுநாள் போய்க் குழிமேல் பால் ஊற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது பசியாறிப் போகும். ஜப்பான்காரன் காலத்தில் என் நடராஜன் இரண்டு வயதில் போனான். அவன் அப்பா சயாமில் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவேயில்லை. மரவள்ளிக்கிழங்குக்கே வழியில்லாதபோது பாலுக்கு எங்கே போவேன்? வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். பதின்மூன்று வருஷமாக என் பிள்ளை பசியோடுதான் கிடக்கிறான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் டின் பாலைக் கரைத்து எடுத்துப் போய் அந்தச் சின்ன எலும்புகளின்மேல் ஊற்றினேன். பிள்ளையின் பெயர் தெரியாது. வாயில் வந்த பெயரைச் சொன்னேன். "நடராஜா, குடிச்சுக்கடா." அஞ்சலையும் அழுதாள்.

மூன்றாம் நாள் மியூசியத்து ஆள் வந்தார். தேவதாஸ் என்று பெயர், நம் ஆள்தான். குழிக்குள் இறங்கிச் சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளி அந்தத் தலையை வெளியே கொண்டுவந்தார். நீண்ட மூக்கு. கோரைப்பல்.

"இது நாய்" என்றார்.

மருதமுத்து சிரித்த சிரிப்பு புக்கிட் பாரு வரைக்கும் கேட்டிருக்கும். "என்ன பொன்னம்மா, நாய்க்கா பால் ஊத்துன? பேரு வேற வச்சியே லா!"

என் பிள்ளையின் பெயர்! அதை ஒரு நாய்க்குச் சொல்லியிருக்கிறேன். "அந்தச் சனியனக் குப்பை லாரில தூக்கிப் போடுங்க" என்று கத்தினேன்.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றார் தேவதாஸ். "இந்தக் கால் எலும்பப் பாருங்க. ஒடிஞ்சு, கோணலா ஒட்டியிருக்கு. பல்லெல்லாம் தேஞ்சிருக்கு, நல்ல கிழட்டு நாய். ஒடிஞ்ச காலோட இது தானா இரை தேடிப் பொழைச்சிருக்காது. யாரோ வருஷக்கணக்கா சோறு போட்டுக் காப்பாத்தியிருக்காங்க."

"எந்தக் காலத்துல?"

"மலாக்கா ஊரே இல்லாத காலமா இருக்கலாம். செத்த பொறவு அத யாரோ தூக்கி, இந்தக் கைக்குள்ள வச்சிருக்காங்க. அது மட்டும் நல்லாத் தெரியுது."

அப்போதுதான் என் வாய் அடைத்தது. சிப்பி பொறுக்கித் தின்ற ஜனம். அவர்களுக்கே வயிறு நிறைந்ததோ இல்லையோ, அதில் ஒரு வாய் ஒரு நொண்டி நாய்க்குப் போயிருக்கிறது. சொன்னால் வெட்கம், அந்த நாயைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பிள்ளைக்குக் கிடைக்காத சோறு.

தேவதாஸ் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "மனுஷ எலும்பு உளுத்துப் போச்சு. நாய் முழுசா இருக்கு. நாயை மட்டும் பெட்டில கொண்டு போறேன். மத்தத நீங்களே பொதைச்சிருங்க."

"பிரிக்காதீங்க தம்பி" என்றேன்.

"இது கவர்மெண்டு வேலைக்கா."

"இருக்கட்டுமே! பால் ஊத்தியாச்சு. பால் ஊத்துன குழியத் தோண்டி ஒருத்தர மட்டும் தூக்கிட்டுப் போவீங்களா? உங்க வீட்டுக் குழின்னா செய்வீங்களா?"

அவர் மருதமுத்துவைப் பார்த்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அவ சொல்றது சரிதான் சார். தெரியாம ஊத்துனாலும் பால் பால்தான். இனிமே இந்தக் குழில எங்க ஆளுங்க யாரும் மண்வெட்டி போட மாட்டாங்க. லோங்காங்க நாலடி தள்ளி வெட்டிக்கிறோம்."

தேவதாஸ் கொண்டுவந்த பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு அளந்தார், படம் வரைந்தார், போட்டோ எடுத்தார். நாயின் பல் ஒன்றை மட்டும் என்னிடம் கேட்டு எடுத்துக்கொண்டார். சுதந்திரம் வந்த அன்று காஜா பெராங் லோங்காங் ஓரிடத்தில் வளைந்துதான் ஓடியது.

தேவதாஸ் வந்த அன்றே, குழியை மண் போட்டு மூடியதும் அஞ்சலை கோப்பிக்கடையிலிருந்து ஒரு குவளைப் பால் வாங்கி வந்தாள். இந்த முறை தெரிந்தேதான் ஊற்றினேன். யாரும் சிரிக்கவில்லை. என் பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு ஒற்றையில் விட்டுவிட்டு வந்தவள் நான். இருட்டென்றால் அவனுக்கு அவ்வளவு பயம்.

"நடராஜா, குடிச்சுக்கடா" என்றேன். "அதுக்கும் கொஞ்சம் குடு. இனிமே ஒனக்குத் துணைக்கு அது இருக்கும்."