யோகராணியின் நெரை

செத்து இரண்டு வருடமான யோகராணி, லுணுகலைக்கு மேலேயுள்ள புதுக் குடியிருப்பில், தன் புருஷன் இராசையாவின் வீட்டு முற்றத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. முற்றத்திலிருந்த இருபத்துநான்கு செடிகளிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப்பட்டு, கொழுந்து படியோரத்தில் குவிந்து கிடந்தது. அவ்வளவு சுத்தமாகக் கொழுந்தெடுக்க அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேறு ஆளில்லை என்பதால், இராசையா யாரையும் விசாரிக்கப் போகவில்லை.

மண்சரிவு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை மூடியபோது அவள் உள்ளே இருந்தாள், உடல் கிடைக்கவில்லை. தப்பியவர்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கொடுத்தார்கள். லயத்து வாசலில் கழிவுநீர்க் கானைத் தவிர எதற்கும் இடமிருந்ததில்லை. அதை முப்பது வருடம் தாண்டித் தாண்டி நடந்தவள், "நமக்குன்னு ஒரு வாசல் கெடைச்சா பூவா வைக்கணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்காகத்தான் இராசையா அறுபது வயதில் முதன்முதலாகப் பூந்தோட்டம் போட்டார். எல்ல நகரில் ஹோட்டல் வேலை செய்யும் மகள் துஷாந்தினி ரோசாவும் செவ்வரத்தையும் டேலியாவும் கொண்டுவந்தாள். அவர் கயிறு பிடித்து, சரிவுக்குக் குறுக்கே, இரண்டடிக்கு நாலடி அளந்து, நிரை நிரையாக நட்டார். வேறு விதமாகச் செடி நட அவர் கைக்குத் தெரியாது.

அந்த வருடம் ஒரு பூகூடப் பூக்கவில்லை. வாராவாரம் செவ்வாயன்று வந்துவிடுவாள். தைப்பொங்கல் செவ்வாயில் வந்தபோதும் ஓய்வெடுக்கவில்லை. பூசாரியைக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டு அவள் ஒரேயடியாகப் போய்விட்டால்? ஆனாலும் அந்தக் குவியலை அள்ளும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்வார். மண்ணுக்குள் போன பிறகுமா இவளுக்கு வேலை விடவில்லை?

யோகராணியோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த பக்கத்து வீட்டு தனுஜாதான் வேலியோரம் நின்று விஷயத்தைச் சொன்னாள். "நெரை புடிச்சு நட்டு வச்சிருக்கீங்களே மாமா. நெரையப் பார்த்தா அக்கா கை சும்மா இருக்குமா? தேயிலை மலைன்னு நெனைச்சு எறங்கிடுறாங்க."

அன்றே இராசையா அத்தனை நிரைகளையும் பிடுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்து, கல் விழுந்த இடத்தில் ஒவ்வொரு செடியாக நட்டார். இரண்டு கல் நடைபாதையில் விழுந்தன, பாதையைத்தான் வளைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய் குவியல் இல்லை. மூன்று மாதம் இல்லை. டேலியா பூத்தது, ரோசா பூத்தது, துஷாந்தினி வந்து படம் எடுத்துக்கொண்டு போனாள். இராசையா பூக்களைப் பார்க்கப் பிடிக்காமல் பின்கதவால் போய்வந்தார். தன் கையாலேயே அவளை இரண்டாம் தடவை அனுப்பிவிட்டதாகச் சொல்லி அழுதார்.

ஐப்பசி அடைமழையில், முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் நனையாமல் இருப்பதை தனுஜா பார்த்தாள். அதற்கு முன்னே ஈர மண்ணில் இரண்டு குதிகால் தடங்கள் இருந்தன, காலை நீட்டி உட்கார்ந்தால் பதிவது போல. இராசையாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அன்றிலிருந்து முன்கதவால் போய்வரத் தொடங்கினார்.

இப்போது குடியிருப்பில் அது யாருக்கும் புதினமில்லை. வேலை விட்டு வரும் தனுஜா, வளைந்த பாதையில் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கக்கா, கால் வலிக்குது" என்பாள். நனையாத நாற்காலி ஒரு சாண் நகர்ந்து இடம் விடும்.