ஜித்தாவுக்குப் பதிந்த பெட்டி

எங்கள் வீட்டுக்காரருக்கு எதையும் தராசில் போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கொட்டகலைக் கடைத்தெருவில் இருபத்தைந்து வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பருப்பை நிறுத்தார், கருவாட்டை நிறுத்தார், கடைசியில் ஹஜ்ஜுக்குக் கொண்டுபோகிற பெட்டியையும் அதே தராசில் தூக்கி வைத்தார். நாற்றம் பிடித்த அந்தத் தட்டில் பெட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"தட்டைத் துடைச்சிட்டாவது வைங்க" என்றேன்.

"தோல் பெட்டிக்குள்ள வாடை ஏறாது ஸாலிஹா. நீ சும்மா இரு."

கல்யாணமான நாளிலிருந்து சும்மாதான் இருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

அது அறுபத்திரண்டாம் வருடம். இலங்கை மலைநாட்டிலிருந்து விமானத்தில் ஹஜ்ஜுக்குப் போவதென்றால் அப்போது ஊரெல்லாம் பேச்சு. எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர். அட்டனிலிருந்து ஹலீம் மௌலவி எங்களை அழைத்துப் போனார். நோர்வூட்டில் துணிக்கடை வைத்திருந்த முஹம்மதும் அவர் மனைவி அசீசாவும் கூட வந்தார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானையில் விமானம் ஏறிப் பம்பாயில் இறங்க வேண்டும். அங்கே வேறு விமானம் மாறி ஜித்தா. இடையில் இரண்டு மணி நேரம்.

புறப்படுவதற்கு முந்திய வாரமே மௌலவி எங்களை உட்காரவைத்து விளக்கினார். மக்காவைச் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிற ஆண்பிள்ளை அதைத் தாண்டுமுன் தைத்த உடுப்பையெல்லாம் களைந்துவிட்டு, தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி உடுத்தியாக வேண்டும். ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. அதுதான் இஹ்ராம். பெண்களுக்கு உடுத்தியிருக்கிற உடுப்பே போதும். விமானம் அந்த எல்லையை ஆகாயத்திலேயே தாண்டிவிடும் என்பதால், ஆண்கள் எல்லாரும் பம்பாயில் உடுத்திக்கொள்ள வேண்டும் என்றார். அதை விட்டால் ஹஜ்ஜில் குறை வந்துவிடும் என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த வெளிநாட்டுப் பயணம் ஒன்றே ஒன்று. தலைமன்னாரில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறி, தனுஷ்கோடியில் கரையேறுவது. சரக்கெடுக்கவும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் எத்தனையோ தடவை போய் வந்தவர். அந்தப் பயணத்தில் பெட்டி நம்மோடேயே வரும். துறையில் இறக்குவார்கள், சுங்கத்தில் திறந்து காட்டுவோம், கூலிக்காரர் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். பம்பாயும் இன்னொரு தலைமன்னார்தான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பெட்டி கைக்கு வரும், அப்போது துணியை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அதோடு வியாபாரப் புத்தியும் சேர்ந்துகொண்டது. விமானத்தில் ஆளுக்கு நாற்பத்து நாலு இறாத்தல் பெட்டிதான். கையில் கொண்டுபோகிற பையை யாரும் நிறுப்பதில்லை என்று எவரோ அவரிடம் சொல்லிவிட்டார். போதாதா? கனமில்லாத சாமானெல்லாம் பெட்டிக்குள் போயிற்று, கனமான சாமானெல்லாம் கைப்பைக்கு வந்தது. இரண்டு துண்டுத் துணிக்கு என்ன கனம் இருக்கும்? இஹ்ராம் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. கைப்பையில் பதினாலு டின் தேயிலைத் தூள் ஏறியது. மக்காவில் நம் தேயிலைக்கு நல்ல கிராக்கியாம்.

கொட்டகலை ஸ்டேஷனில் எங்கள் சாமானை ஏற்றியது செல்லசாமி. அங்கேயே மூட்டை தூக்கித் தலை நரைத்த மனுஷன்.

"லக்கேஜ் வேன்ல போட்டுட்டா கொழும்பு வரைக்கும் அது உங்க சாமான் இல்லீங்க மொதலாளி, ரயில்வே சாமான். வழியில வேணுங்கிறத இப்பவே கையில எடுத்துக்கங்க" என்றார் செல்லசாமி. எல்லாப் பயணிகளுக்கும் சொல்வதுதான்.

"எனக்குப் பாடம் சொல்லாத. தூக்கு" என்றார் இவர்.

இருபது வருடம் பெட்டி தூக்கியவருக்குத் தெரியாத பெட்டி விஷயம் கடையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியுமாம்.

ரத்மலானையில் பெட்டியை வாங்கிய அலுவலர் அதில் ஒரு அட்டையைக் கட்டினார். முஹம்மதுக்கு இங்கிலீஷ் தெரியும். அட்டையைப் படித்துவிட்டு, நேராக ஜித்தாவுக்கே பதிந்திருக்கிறார்கள், பம்பாயில் அவர்களே விமானம் மாற்றி ஏற்றிவிடுவார்கள் என்றார். எங்கள் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? பம்பாயில கூலியும் மிச்சம்" என்றார் என்னிடம்.

"அப்ப துணியை எப்படிங்க எடுக்கிறது?"

அவர் முகம் ஒரு நிமிடம் மாறியது. தப்பு தெரிந்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்த கேள்வியாயிற்றே, அதற்கு எப்படி இறங்கி வருவது? "கேட்டா எறக்கிக் குடுப்பாங்க, நம்ம பெட்டிதானே" என்றார். அதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டது.

விமானம் ஒன்றேகால் மணி நேரம் பிந்திக் கிளம்பியது. பம்பாயில் கதவைத் திறந்தபோது, கையில் பட்டியலோடு ஒருவர் படிக்குக் கீழேயே நின்று எங்களை விரட்டினார். ஜித்தா விமானத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை, அடுத்த கட்டிடத்துக்கு ஓட வேண்டும். நெருப்பு வெயில். எல்லாரும் ஓடினோம். ஹலீம் மௌலவிகூட ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பாதி வழியில் எங்கள் வீட்டுக்காரர் கைப்பையின் பிடி அறுந்தது. பதினாலு டின்னும் தார்த்தரையில் உருண்டன. முன்னால் போனவர்கள் கூப்பிடுகிறார்கள், பட்டியல்காரர் கத்துகிறார், இவர் குந்திக்கொண்டு டின் பொறுக்குகிறார். ஒன்று உருண்டு ஒரு வண்டிக்கு அடியில் போயிற்று. அதையும் குப்புறப் படுத்து எடுத்தார். ஹஜ்ஜுக்குப் போகிற மனுஷன் முதல் தடவை நெற்றியைத் தரையில் வைத்தது ஒரு தேயிலை டின்னுக்காக. கூட நின்று நானும் நாலு டின்னைப் பொறுக்கினேன், அதுதான் இன்னும் கேவலம்.

தங்கும் கூடத்துக்குப் போனதும் ஆண்கள் அவரவர் கைப்பையைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்தார்கள். குழாயடியில் கைகால் முகம் கழுவி ஒலுச் செய்துவிட்டு ஒவ்வொருவராக வெள்ளையில் வந்தார்கள். இவர் மட்டும் முஹம்மதை இழுத்துக்கொண்டு மேசைக்கு மேசை போனார். "பெட்டி, என் பெட்டி" என்று கையால் அளவு காட்டினார். பெட்டி அப்போதே அந்த விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது, இனி ஜித்தாவில்தான் என்று பதில் வந்தது. ஏறுவதற்கு இருபது நிமிடம் இருந்தது.

திரும்பி வந்தபோது கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தனை வெள்ளைக்கும் நடுவில் மண்ணிறக் கோட்டும் தொப்பியுமாக அவர் ஒருத்தர். எனக்கே பாவமாகிவிட்டது. நல்லவேளை, உடனே வாயைத் திறந்தார்.

"போகட்டும் மௌலவி. அங்க போயி ஒரு ஆட்டை அறுத்துட்டா சரியாப் போயிரும்ல?"

ஹலீம் மௌலவி சாதுவான மனிதர். அவர் முகமே சுருங்கிவிட்டது. "தவறிப் போனவங்களுக்குப் பரிகாரம் அது மொதலாளி. அறுத்துக்கலாம்னு தெரிஞ்சே தாண்டுறது பாவம். தையல் இல்லாத துணி எதுவா இருந்தாலும் போதும், தேடிப் பாருங்க" என்றார்.

இவர் முஹம்மதிடம் கேட்டார். அவரிடம் உடுத்தியிருந்த இரண்டுதான். மற்றவர்களிடமும் அதேதான். தேடிக்கொண்டே வந்த கண் என்மேல் வந்து நின்றது. சேலைக்கு மேல் நான் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தேன்.

"அதைக் கழட்டு" என்றார்.

"இத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல இதைக் கழட்டிட்டு நான் எப்படிங்க நிக்கிறது?"

"முந்தானையை இழுத்துத் தலையில போட்டுக்க. என் ஹஜ்ஜே போகுது, ஒனக்குத் துப்பட்டி பெரிசாப் போச்சா?"

என் ஹஜ் என்றார். நானும் அதே ஹஜ்ஜுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். துப்பட்டியின் நுனியை அவர் கை பிடித்துவிட்டது. சந்தையில் துணியைப் பதம் பார்ப்பதுபோல் விரலால் தேய்க்கிறார். சீ என்று வந்தது எனக்கு. இந்த மனுஷனுக்கா இத்தனை வருடம் பொங்கிப் போட்டேன் என்று நினைத்தேன். அசீசா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

என் கையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. கொட்டகலையிலிருந்து பம்பாய்வரை அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு தடவையாவது கேட்டிருப்பாரா? இன்னொரு டின் போகுமா என்று மட்டும் அமுக்கிப் பார்த்தார். உள்ளே என் கபன் துணி இருந்தது. போகிற வழியில் மௌத்தானால் போர்த்தி அடக்குவதற்கு, ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தங்கள் துணியைத் தாங்களே கொண்டுபோவதுண்டு. பன்னிரண்டு கஜம், வெட்டாதது, தைக்காதது. முஹம்மது கடையில் நானே தொட்டுப் பார்த்து எடுத்தது. மௌத்து எந்த ஊரில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அதைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருந்தேன்.

"துப்பட்டியை விடுங்க" என்றேன். பையை அவிழ்த்தேன். அசீசா ஒரு பக்கம் பிடித்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்துவிட்டு இரண்டரை கஜத்தில் ஒரு கிழி, இன்னொரு இரண்டரையில் ஒரு கிழி. அந்தச் சத்தத்துக்குக் கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முஹம்மதுக்குத் தன் கடைத் துணி தெரிந்துவிட்டது. அவர் கண் கலங்கிவிட்டது.

பிரியத்தில் கொடுத்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். துப்பட்டியைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்தேன். ஆட்டைப் பேரம் பேசுகிற ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எல்லையைத் தாண்ட எனக்கு மனமில்லை, அதற்காகவும் கொடுத்தேன்.

அவர் வாங்கினார். என்ன துணி, எதற்கு வைத்திருந்தாய் என்று கேட்கவில்லை. விரலிலிருந்து மூக்குவரை நீட்டி இரண்டு துண்டையும் அளந்தார். "கெட்டி நெசவுதான். கஜம் என்ன வெலைக்குப் போட்டாரு?" என்று கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

ஜித்தாவில் நாங்கள் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. விமானத்தின் வயிற்றில் இருக்கிறது என்றார்களே, அது பம்பாயைத் தாண்டவே இல்லை. ஹஜ் எல்லாம் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது. ஆக அரபா மைதானத்தில் அவர் நின்றதும் கஃபாவைச் சுற்றியதும் என் துணியில்தான். நடுவில் ஒரு நாள் தெருவோரத்தில் அந்தத் துணியோடு குந்தியிருந்து பதினாலு டின்னையும் விற்றார். ஹஜ்ஜில் வியாபாரம் செய்வது கூடாததல்ல, அது எனக்கும் தெரியும். என் கபனின் முந்தியில் தேயிலைத் தூளைத் தட்டுகிறாரே என்றுதான் அருவருத்தது.

ஊருக்கு வந்தபிறகு ஹாஜியாராகிவிட்ட இவரைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு துண்டையும் விரித்துக் காட்டுவார். "பெட்டியை நம்பக் கூடாதுங்க. முன்யோசனையாக் கையில துணி இருந்ததால தப்பிச்சேன்" என்பார். யார் கையில் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டு துண்டையும் மடித்து மடியில் வைத்திருந்தார்.

"அரபாவுல நின்ன துணி ஸாலிஹா. இதை என் கபனுக்கே வச்சிரலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு மேல் துண்டைத் தடவினார்.

"ஆனா ஆம்பளைக்கு மூணு துணி வேணும். ரெண்டுதான் இருக்கு. ஒங்கிட்ட மிச்சம் ஏழு கஜம் கெடக்குல்ல, அதுல ஒண்ணு கிழிச்சிக் குடுத்துட்டா ஒரே நெசவாப் போயிரும். ஒனக்கு முஹம்மது கடையில புதுசா வெட்டி வாங்கித் தாரேன்."

எழுந்து போய் அந்த ஏழு கஜத்தை எடுத்து வந்தேன். அவர் மடியிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்து அதற்குமேல் வைத்தேன். மூன்றையும் ஒன்றாகச் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன்.

"கிழிக்க வேணாங்க. எல்லாம் ஒண்ணா இருக்கட்டும். யாரு முந்திப் போறாங்களோ அவங்களுக்கு மூணும்."

கடைக்காரர் அல்லவா, மனசுக்குள் நிறுத்துப் பார்த்திருப்பார்.

"நான் பிந்திப் போனா?"

"கடையில புதுசா வெட்டிக்கங்க" என்றேன்.