மஞ்சள் காமாலை என்று சொன்னாள்

பாலாம்பாளுக்கு ஆறு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே போயிற்று. சிட்லபாக்கத்தில் அதற்குப் பெயர் வாயு. நெஞ்சைப் பிடித்தால் வாயு, முதுகைப் பிடித்தால் வாயு, இரண்டு கவளம் சாப்பிட்டதுமே போதும் என்று தோன்றினால் அதுவும் வாயு. ஓமத் தண்ணீர், பெருங்காய மோர், பக்கத்துத் தெரு வைத்தியரின் கஷாயம் எல்லாம் உள்ளே போயின. பாவாடை நாடாவை முடியவே முடியாமல் போன அன்றுதான் அவள் கணவர் அனந்தகிருஷ்ணன் ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

இப்போது ஜிஎஸ்டி ரோட்டு ஆஸ்பத்திரியில், புற்றுநோய் டாக்டர் ஸஹானாவின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் அவர்களுடைய ஒரே பெண் சுப்ரஜா. வயது இருபத்தேழு, தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சம்பத். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்.

"இது கர்ப்பப்பை. ரெண்டு பக்கமும் சினைப்பை. உங்களுக்கு இடது பக்கம் ஆரம்பிச்சிருக்கு. வயித்துக்குள்ள எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கும்மா. உதிர்ற புற்றுநோய் செல்லெல்லாம் அந்த ஈரத்தோட சுத்தி வரும். எங்க ஒட்டுதோ அங்க வளரும். குடல் மேல, குடலை மூடியிருக்கிற கொழுப்புப் படலத்து மேல, மேல நுரையீரலுக்குக் கீழ இருக்கிற தசை வரைக்கும் போயிருக்கு. ஒட்டின இடத்துலல்லாம் தண்ணி கோத்துக்கும். உங்க வயிறு உப்பினது அதனாலதான்."

பேசிக்கொண்டே அங்கங்கே புள்ளி வைத்தாள். பாலாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் வயிறு என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. பேனா நன்றாக எழுதுகிறதே என்றுதான் தோன்றிற்று. மூன்றாவது ஸ்டேஜ், முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதெல்லாம் யாருக்கோ சொன்னதாக இருந்தது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது வந்திருக்கா? அம்மாவுக்கு, சித்திக்கு?"

"இல்லவே இல்லை டாக்டர்," என்று அனந்தகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "இவ அம்மா மஞ்சள் காமாலையில போனவா."

அவர் பொய் சொல்லவில்லை, பாவம். அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

"ஒரு ஜீன் டெஸ்ட் பாத்துடலாம் சார். பரம்பரையா வர்றதான்னு தெரிஞ்சிடும்."

"வம்சத்துலயே இல்லாததை எதுக்கு டாக்டர் தோண்டணும்? கல்யாண வீடு வேற."

"அம்மாவுக்கு இருந்திருந்தா நான் விடவே மாட்டேன். பொண்ணோட விஷயமாச்சே. சரி, யோசிச்சுச் சொல்லுங்க."

பாலாம்பாளின் அம்மா நாற்பத்தாறு வயதில் பல்லாவரத்தில் செத்துப்போனாள். நிறைமாத கர்ப்பிணி மாதிரி வயிறு. ஊசி குத்தித் தண்ணீர் இறக்கியபோது, பத்தொன்பது வயது பாலாம்பாள்தான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் அப்பா கூப்பிட்டுச் சொன்னார்: "கேன்சர்னு வெளியில மூச்சு விடப்படாது. பொம்மனாட்டி வழி வியாதின்னு தெரிஞ்சா ஒருத்தனும் நம்மாத்துப் படியேற மாட்டான். யார் கேட்டாலும் மஞ்சள் காமாலை."

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்படியே சொன்னாள். மாமியாரிடம் சொன்னாள், பிரசவ ஆஸ்பத்திரியில் சொன்னாள், போன மாதம் சம்பத்தின் அம்மாவிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. இல்லாவிட்டால் வயிறு உப்பிய முதல் மாதமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி ஆறு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தாளே, இந்த அசட்டுத்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

சுப்ரஜா குனிந்து போனில் கீமோ தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இவள் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும். சொல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து இவள் இந்த நாற்காலியில் வந்து உட்காரலாம். நினைப்பு வந்ததே தவிர, பயம் வரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறை நாக்கால் தடவுவதுபோல இருந்தது.

"எங்கம்மாவுக்கு மஞ்சள் காமாலை இல்லை டாக்டர்," என்றாள். "இதேதான்."

டாக்டர் உடனே டெஸ்டுக்கு எழுதினாள். முதலில் அம்மாவின் ரத்தம். அதில் கோளாறு இருந்தால் பெண்ணுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவளுக்கும் பார்க்க வேண்டும். முன்னாலேயே தெரிந்தால் பெரும்பாலும் வராமல் தடுக்க வழி இருக்கிறது என்றாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள் பாலாம்பாள். அனந்தகிருஷ்ணன் நின்றுகொண்டே இருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் பாலா. ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொல்லியிருந்தா என்னைக் கட்டிண்டிருப்பேளா?"

அவர் சுவரைப் பார்த்தார். டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், அதையும் கேட்டார். நல்ல மனுஷர். வாய்க்கு வந்ததைச் சொல்லித் தேற்றத் தெரியாது.

"மாட்டேன்," என்றார் கடைசியில். "எங்கம்மா விட்டிருக்க மாட்டா."

"தெரியும்," என்றாள் பாலாம்பாள்.

சுப்ரஜா எழுந்து போனை எடுத்தாள். "சம்பத்துக்குச் சொல்லிட்டு வரேன்."

"ரிசல்ட் வரட்டுமேம்மா," என்றார் அனந்தகிருஷ்ணன். "தை முடியட்டும். அப்புறம் நிதானமா..."

சொல்லும்போதே அவருக்குக் கூசியது. பாதியில் நிறுத்திக்கொண்டார். சுப்ரஜா மாடிப்படிப் பக்கம் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது தெரிந்தது. நிறையப் பேசினாள். பிறகு பேச்சு நின்றது. போனைக் காதில் வைத்தபடி வெறுமனே நின்றாள்.

திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னார்?"

"அவங்கம்மாகிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்னார்."

அனந்தகிருஷ்ணன் பெஞ்சின் மறுகோடியில் மெல்ல உட்கார்ந்தார். சுப்ரஜா அம்மாவின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, பஞ்சை எடுத்துப் பார்த்தாள்.

"ரத்தம் நின்னுடுத்து," என்றாள். "உன் ரிசல்ட் வந்த அன்னிக்கே எனக்கும் வேணுமான்னு பாத்துடலாம். யார் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டாலும் சரி."

டாக்டர் புள்ளி வைக்க வைக்க வராத அழுகை பாலாம்பாளுக்கு அப்போது வந்தது.